தட்டிக்கு அந்தப் பக்கம்

“ஆட்களை மனம் வைத்து வேலை செய்ய வைப்பது எப்படி, சாமி?” என்று குழந்தைவேலு கேட்டார்.

நூற்பாலையில் மேனேஜராக இருந்து, அதை விட்டு மடத்துக்குச் சீடராக வந்தவர் அவர். சாமி அவரிடம் மடத்துச் சமையற்கட்டை ஒப்படைத்திருந்தார். தலைமைச் சமையல்காரர் மாசிலாமணி, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்வதாக அன்று காலையில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குருபூசை. எண்ணூறு இலை விழும்.

“என்ன செய்து பார்த்தீர்?” என்றார் சாமி.

“சம்பளம் கூட்டினேன். வேட்டி எடுத்துக் கொடுத்தேன். ‘அன்போடு சமைப்போம்’ என்று பலகை எழுதி மாட்டினேன்.”

“படித்தார்களா?”

“அதில் ஆணி அடித்துக் கரண்டியைத் தொங்க விட்டிருக்கிறார்கள், சாமி.”

சாமி சிரித்தார். எழுந்து சமையற்கட்டுக்கு நடந்தார்.

சமையற்கட்டுக்கும் பந்திக்கூடத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி நின்றது. குழந்தைவேலு வந்த வாரமே கட்டியது. அதற்கு முன் சமையல்காரர்கள் வாசலில் நின்று பந்தியை வேடிக்கை பார்ப்பார்கள். தட்டி வந்த பிறகு யாரும் அடுப்பை விட்டு நகரவில்லை.

சாமி கயிற்றை அவிழ்த்துத் தட்டியைக் கீழே சாய்த்தார். முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சமைப்பவர்கள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. வந்தவர்கள் எல்லாரும் உண்ட பிறகுதான் அவர்களுக்கு இலை.

மாசிலாமணி கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

“மாசிலாமணி, உள்ளே போய் வேலையைப் பாருங்க” என்றார் குழந்தைவேலு.

“வேலையைத்தான் பாக்கேன், ஐயா.”

அவர் கண் இலை இலையாகப் போனது. பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏலே சுடலை, கூட்டுல உப்பு குறைச்சல். கரைச்சு ஊத்து.”

“எப்படிண்ணே சொல்லுதிய?” என்றான் உதவிக்கு நின்ற சுடலை.

“மூணாவது இலைக்காரரு ஒவ்வொரு வாய்க்கும் ஊறுகாயைத் தொடுதாரு.”

“ரசம்?”

“கையில வாங்கிக் குடிக்காங்கலே! அதைத் தொடாத.”

குழந்தைவேலுவுக்கு முகம் சிவந்தது. “உப்பு சரியில்லைன்னு நான் தினமும் சொன்னேனே!”

“சொன்னீங்க. கூடவா குறைச்சலான்னு கேட்டேன். ‘புகார் வந்திருக்கு, அவ்வளவுதான்’னீங்க.”

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

கூடத்திலிருந்து ஒரு அம்மா கையைக் குழித்து நீட்டினார். “இன்னும் கொஞ்சம் ரசம்.”

பரிமாறுகிறவர் வருமுன் மாசிலாமணியே வாளியோடு போனார். ஊற்றினார். அந்த அம்மா குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். பிறகு அடுத்த இலைக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது குழந்தைவேலு தயங்கியபடி கேட்டார்.

“வெள்ளிக்கிழமை…”

“வெள்ளிக்கிழமை சந்தையில பூசணிக்காய் வாங்குறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. போன தடவை முத்தலா வாங்கிட்டு வந்து என் பேரைக் கெடுத்துட்டீங்க.”

குழந்தைவேலு குனிந்து தட்டியைத் தூக்கினார்.

“இதை எங்கே வைக்கட்டும், சாமி?”

“இரண்டாம் பந்திக்கு உலை வைத்தாயிற்றா?”

“வைத்தாயிற்று, சாமி.”

“அப்படியானால் அடுப்பில் வையும்.”