விடியலுக்கு முன் கேட்ட கேள்வி

"என் மகளைத் தூங்க வைக்க ஒரு வழி சொல்லுங்கள், அம்மா" என்றான் மாசிலாமணி.

ஏரிக்கரை மடத்தின் தலைவியான சொர்ணத்தம்மை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இரவில் தூங்குவதில்லையா?"

"இரவில் தூங்குகிறாள். விடியலுக்கு வெகு நேரம் முன்பே விழித்துவிடுகிறாள். காகம் எழவில்லை, கிழக்கு வெளுக்கவில்லை, இவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்."

இவள் என்று சுட்டப்பட்ட செல்லி, இரண்டு வயதைக் கடந்தவள், தாயின் மடியில் இருந்தபடி ஒரு கீரைத் தண்டைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னென்ன செய்து பார்த்தீர்கள்?"

தாய் தையல்நாயகி சொன்னாள்: "சன்னலைச் சாக்கால் மறைத்தோம். படுக்கும் முன் வயிறு நிறையக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தோம். ஒரு நாள் நெடுநேரம் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டினோம். மறுநாள் இன்னும் முன்னதாக எழுந்தாள்."

"சேவல் கூவித்தான் விழிக்கிறாள் என்று நினைத்தோம்" என்றான் மாசிலாமணி.

"சேவலை என்ன செய்தீர்கள்?"

"குழம்பு வைத்தோம்."

"பிறகு?"

"குழம்பு நன்றாக இருந்தது. இவள் அதே நேரத்துக்கு எழுந்தாள்."

சற்றுத் தள்ளி விறகு அடுக்கிக்கொண்டிருந்த தாண்டவன் என்ற சீடன் சிரித்துவிட்டான்.

"நீ சிரிக்காதே" என்றார் சொர்ணத்தம்மை. "அந்த நேரத்தில் உன்னை எழுப்ப நான் எத்தனை வருடமாகப் பாடுபடுகிறேன்?"

தாண்டவன் விறகுக்குத் திரும்பினான்.

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"அம்மா, நான் செக்கு ஓட்டுகிறவன். இரவில் குளிர்ச்சி இறங்கிய பிறகு மாட்டைப் பூட்டி, பாதி இரவு கழிந்துதான் வீடு வருகிறேன். கண் மூடிய உடனே இவள் எழுந்துவிடுகிறாள். முந்தாநாள் செக்கடியில் நின்றபடியே உறங்கிப்போனேன். கை உரலுக்குள் போயிருக்கும். மாடு தானாக நின்றதால் விரல்கள் மிஞ்சின."

"விடியலிலும் குளிர்ச்சிதானே, அப்போது பூட்டுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்" என்றாள் தையல்நாயகி.

"செக்கு இரவில்தான் ஓடும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்."

"மாமனாருக்குப் பிள்ளை தூங்கியது. உங்களுக்குத் தூங்கவில்லையே."

அவன் அருகிலிருந்த செல்லியின் சிறிய துணிமூட்டையைத் தொட்டான்.

"நாளை விடியலில் என் சகலை வண்டியோடு இந்த வழியாக வருகிறார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இவள் தூங்கப் பழகும்வரை அங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு வருடமோ, இரண்டு வருடமோ."

தையல்நாயகி மூட்டையைப் பார்க்கவில்லை.

"நீங்கள் ஒரு வழி சொன்னால் அனுப்ப மாட்டோம்" என்றாள்.

சொர்ணத்தம்மை கீரைத்தட்டைக் கீழே வைத்தார்.

"எழுந்ததும் அழுகிறாளா?"

"இல்லை."

"பசி என்கிறாளா?"

"இல்லை" என்றான் மாசிலாமணி. "என் முகத்தருகே வந்து உட்காருகிறாள். என் இமையை விரலால் திறக்கிறாள். ஏதோ கேட்கிறாள்."

"என்ன கேட்கிறாள்?"

மாசிலாமணி மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள்.

"அந்த நேரத்தில் யாருக்கு அம்மா காது கேட்கும்? 'தூங்கு' என்று சொல்லி இமையை மூடிக்கொள்வேன்."

"பிறகு?"

"மற்ற இமையைத் திறப்பாள்."

சொர்ணத்தம்மை முழங்காலை நீவியபடி எழுந்தார்.

"இன்று இங்கேயே தங்குங்கள். நாளை என் வேலை ஒன்றை நீ செய்ய வேண்டும், மாசிலாமணி."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடியலுக்கு முன், விளக்கில்லாமல், சொர்ணத்தம்மை ஒவ்வொரு குடிலாகச் செல்வார். கதவருகே நின்று, "இருக்கிறாயா?" என்று கேட்பார். உள்ளிருப்பவர் "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"என் முழங்கால் மறுக்கிறது. நீ போய்க் கேள்."

"பதில் வந்தால்?"

"அடுத்த கதவுக்குப் போ."

"வராவிட்டால்?"

"நில்."

"எவ்வளவு நேரம்?"

அவர் ஏரியைப் பார்த்தார்.

"அந்த நேரத்தில் என்னை யார் எழுப்புவார்கள்?" என்றான் மாசிலாமணி.

சொர்ணத்தம்மை செல்லியைப் பார்த்தார். செல்லி அவருக்குக் கடித்த தண்டை நீட்டினாள்.

*

இமை திறந்தது.

எதிரே இருட்டு. இருட்டுக்குள் கூழ் மணக்கும் சிறு மூச்சு. அது ஏதோ கேட்டது.

"அப்புறம்" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி வெளியே வந்தான்.

பனி ஏரியிலிருந்து ஏறி வந்து கரையை விழுங்கியிருந்தது. மாலையில் பார்த்த மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. பாதை காலுக்கு மட்டும் தெரிந்தது. அவன் தன் கையை முகத்துக்கு முன் பிடித்துப் பார்த்தான். கையும் இல்லை.

முதல் கதவைத் தடவிக் கண்டுபிடித்தான்.

"இருக்கிறாயா?"

"விடியட்டும்" என்றது தாண்டவனின் குரல்.

"நான் கேட்டது அது இல்லை."

பதில் இல்லை. அவன் நின்றான். பனி தோளில் இறங்கியது. நெடுநேரம் கழித்து அடுத்த கதவைத் தேடிச் சென்றான்.

"இருக்கிறாயா?"

உள்ளே குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அவன் கேட்டதும் குறட்டை நின்றது. அவன் காத்திருந்தான். குறட்டை, முன்னைவிடப் பலமாக, மறுபடி தொடங்கியது.

மூன்றாவது கதவுக்குள் இருந்தவர், "அதுதான் எழுந்துவிட்டேனே, போய்ப் படும்" என்றார். குரல் போர்வைக்கு அடியிலிருந்து வந்தது.

நான்காவது கதவில் மௌனம்.

 தனக்குக் கோபம் வரும் என்று மாசிலாமணி எண்ணினான். வரவில்லை. பனியில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. அதன்பின் அந்த ஓசையும் இல்லை. ஏரி இல்லை. மடம் இல்லை. கேட்கும் ஒரு குரல் மட்டும் இருந்தது. அது யாருடையது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

கதவைத் திறக்க வேண்டாம். விளக்கேற்ற வேண்டாம். எழுந்து வரவும் வேண்டாம். ஒரு சொல் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

கைகளால் பனியைத் துழாவியபடி நடந்தான். கடைசியாக ஒரு கதவு விரலில் பட்டது. அது யாருடைய குடில் என்பதை அவன் அறிவான். அங்கே கேட்கும்படி அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் கேட்டான். 

"அம்மா, இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

அவன் அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். கால்களின் அடியில் தரை மெல்லத் திரும்பி வந்தது. பிறகு பாதை வந்தது. பிறகு, தொலைவில், மரம் இருக்க வேண்டிய இடத்தில் மரம்.

"வேறு என்ன?" என்றது உள்ளிருந்த குரல்.

"ஒன்றுமில்லை, அம்மா."

"அப்படியானால் நான் கொஞ்சம் தூங்குகிறேன். நீ போ."

*

அறைக்குள் இன்னும் இருட்டாகவே இருந்தது.

செல்லி தாயின் தலைமாட்டில் அமர்ந்திருந்தாள். தாயின் இமையை ஒரு விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"தூங்குடி, கண்ணே" என்றாள் தையல்நாயகி, மறு கண்ணைத் திறவாமல்.

காலடி கேட்டுச் செல்லி திரும்பினாள். வாசலில் நின்ற உருவம் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தவழ்ந்து வந்து அதன் காலைத் தொட்டாள். முழங்காலைத் தொட்டாள். முகத்துக்கு எட்டவில்லை.

"அப்பா" என்றாள். "இக்கியா?"

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அவள் அவன் இமையைத் தேடினாள். அது திறந்தே இருந்தது. விரலில் ஈரம் பட்டது. ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை.

"அப்பா, இக்கியா?"

"இருக்கிறேன்" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இருட்டுக்குள் திரும்பினாள்.

"அம்மா இக்கியா?"

தையல்நாயகி எழுந்து உட்கார்ந்திருந்தாள். 

"இருக்கிறேன், தங்கம்."

செல்லி அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து அமர்ந்துகொண்டாள். மூவரும் சன்னலைப் பார்த்திருந்தார்கள். பனியிலிருந்து ஏரி வந்தது. ஏரியின் மேல் ஒரு கொக்கு வந்தது.

நெடுநேரம் கழித்து மாசிலாமணி கேட்டான்: "தையல், நம் மாடு இந்நேரம் விழித்திருக்குமா, பூட்டினால் நடக்குமா?"

"அது என்றைக்கும் விழித்துத்தான் நிற்கும். நீங்கள்தான் பார்த்ததில்லை."

கரையில் சலங்கை ஒலி நெருங்கியது. வண்டி வாசலில் நின்றது.

"உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று சகலை குரல் கொடுத்தார்.

செல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்கிறோம்" என்றாள் தையல்நாயகி.

"விடியப்போகிறது. வண்டியில் ஏறுவது யார்?"

மாசிலாமணி துணிமூட்டையை எடுத்தான். அதைத் தலைக்கு வைத்து, கால்களை நீட்டிப் படுத்தான்.

"யாரும் இல்லை, சகலை" என்றான். "சத்தம் போடாமல் போங்கள். மடத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள்."