காலடி வைத்துவிட்டுப் போன மான்

ஒரு காட்டில் சிங்கம் கிழடுதட்டிச் செத்துப்போனது. இனி ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் வழக்கம் வேண்டாம், மாதம் ஒருமுறை சுனைக்கரையில் கூடிப் பேசி முடிவெடுப்போம் என்று விலங்குகள் தீர்மானித்தன. நல்ல ஏற்பாடுதான், குழந்தைகளே.

கூட்டத்தை நடத்தும் வேலையை நரி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. யார் யார் வந்தார்கள் என்று தெரிய, கரையின் ஈர மண்ணில் ஒவ்வொருவரும் ஒரு காலடி பதிக்க வேண்டும் என்றது.

முதல் கூட்டத்தில் பேச்சு நீண்டது. முயலுக்குப் பசித்தது, குரங்குக்குத் தூக்கம் வந்தது. அடுத்த மாதம் முதல் எல்லாம் தலையைக் காட்டி, காலடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டன. புள்ளிமானும் அப்படித்தான். புதரில் பச்சிளங்குட்டி காத்திருக்கும் அவசரம் அதற்கு.

ஆமை மட்டும் எல்லாம் போன பிறகே வந்து சேரும். ஒருநாள் அது மானைத் தேடி வந்தது.

"மானக்கா, யாருமில்லாத கரையில் நரி ஏதோ முடிவு சொல்கிறது. நீ இருந்து கேட்கக் கூடாதா?"

"நான்தான் வந்து காலடி வைத்தேனே. அதற்கு மேல் என்ன?" என்றது மான்.

மறுவாரம் காட்டுப்பன்றிகள் சுனையை வளைத்துக்கொண்டன. தண்ணீர் குடிக்கப் போன மானையும் குட்டியையும் முட்டித் துரத்தின. மான் பதறி நரியிடம் ஓடியது.

பன்றிகள் கிளறிக் கொடுத்த நண்டை நரி மென்றுகொண்டிருந்தது. "சுனை பன்றிகளுக்கே என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது."

"யார் சம்மதித்தார்கள்?"

நரி கரைக்கு அழைத்துப்போய்க் காட்டியது. "இது முயல். இது குரங்கு. இந்தக் குளம்பு யாருடையது, நீயே சொல்."

மான் வெட்கத்தால் தலைகுனிந்தது. அது அதன் குளம்புதான்.

"வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் பேசு," என்றது நரி.

கோடை முற்றியது. மானுக்குப் பால் வற்றியது. குட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை.

கூட்ட நாளில் மான் விடியுமுன் வந்து நின்றது. முயலையும் குரங்கையும் கெஞ்சி உட்கார வைத்தது. பொழுது சாயும்வரை ஒன்றும் நகரவில்லை. சுனை எல்லாருக்கும் பொது என்று ஒரே குரலில் சொல்லின.

நரி பொறுமையாகக் கேட்டது. பிறகு தரையைப் பார்த்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எத்தனை மிதித்தும் புதிதாக ஒரு தடமும் விழவில்லை. பழைய தடங்கள் மட்டும் கல்லாக இறுகியிருந்தன.

"காலடி இல்லாத கூட்டம் கூட்டமே இல்லை. பழைய முடிவுதான் நிற்கும்," என்று சொல்லிவிட்டு நரி எழுந்து போனது.

மூன்றாம் நாள் மான் அந்தக் காட்டை விட்டுப் போனது. தனியாகத்தான் போனது.

நீதி: தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர் பெயரில் தந்திரசாலி முடிவெடுப்பான், கூடும் இடத்தில் கடைசிவரை இருந்து கேள்.