பகவதியின் வானத்தில் கோடு

முன்னாள் சேர்மன் சிவதாணு வீட்டுச் சுவரில் கதவளவு டிவி ஏறிய அன்றைக்கே சண்டையும் ஏறிவிட்டது. போன வருஷம் தவறிப்போன மனைவி பகவதி முட்டம் கடற்கரையில் நிற்கிற வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அவள் பின்னால் அந்தி வானம் பட்டை பட்டையாகக் கோடு விழுந்து கிடந்தது.

"டிவி கோளாறுடே. கோடு போகணும், இல்லேன்னா உன் வேலை போகும்," என்றார், டிவி மாட்ட வந்த ததேயுவிடம்.

ததேயு பதறவில்லை. "போயிரும் சார். இது போன்ல அனுப்பச் சுருக்கின எட்டு பிட் படம். ஆரஞ்சுக்கும் ஊதாவுக்கும் நடுவுல உள்ள பல சாயல் இதுல இல்ல. அந்தா இருக்க உங்க கேமராவுல எடுத்த அசல் பத்து பிட், ஒவ்வொரு நிறத்துக்கும் இதைவிட நாலு மடங்கு சாயல். அந்தக் கேமரா மெமரி கார்டு இருந்தாத் தாங்க. அழிக்கலையே?"

"என் வீட்ல எதுவும் அழியாது."

கார்டைப் போட்டதும் டிவியில் சேர்மனே வந்தார். அவருக்குப் பாராட்டு விழா, பொன்னாடை மேல் பொன்னாடை. பின்னால் கட்டிய நீலத்திரை ஒரு கோடுகூட இல்லாமல் மேலிருந்து கீழே வெளுத்து இறங்கியது.

"டிவி நல்லாத்தான் இருக்கு சார். கடல் வீடியோவைத்தான் காணோம்."

சேர்மன் ரிமோட்டை எடுத்து விழாவை நிறுத்தினார். "விழாவைப் படம் பிடிக்கக் கார்டுல இடம் பத்தலன்னு நான்தான் அதை அழிக்கச் சொன்னேன்."

ஜெயித்தது ததேயுதான். ஆனாலும் பையை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

சேர்மன் ரிமோட்டை அவனிடம் நீட்டினார்.

"கோடு இருந்துட்டுப் போட்டும்டே. அதையே போடு."