பதினேழு வெள்ளையும் ஒரு மஞ்சள் சுவரும்

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

மெல்போர்னில் ஒன்பது வருஷம், ஏழு வாடகை வீடு. ஏழிலும் சுவர் வெள்ளை. ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரருக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். திண்டுக்கல்லில் கிளிப்பச்சைச் சுவருக்கும் ரோஸ் கதவுக்கும் நடுவே வளர்ந்த சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது. "சொந்த வீடு கட்டினா ஒரே ஒரு சுவராவது மாம்பழ மஞ்சள்ல வேணுங்க" என்று கணவன் தயாளனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். தலையாட்டக் கூலியா கேட்கிறார்கள்!

ஒருவழியாக வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு வழக்கம். கட்டுமானக் கம்பெனியின் காட்சிக்கூடத்தில் ஒரே நாள் உட்கார்ந்து, குழாயிலிருந்து கதவுக் கைப்பிடி வரை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். சுகந்தி மஞ்சள் என்றாள். அங்கிருந்த பெண்மணி சிரித்த முகம் மாறாமல் பதினேழு விதமான வெள்ளை மாதிரி அட்டைகளை மேஜைமேல் பரப்பினாள். தயாளன் அங்கேயே கட்சி மாறிவிட்டான்.

"பின்னாடி விக்கும்போது வெள்ளைன்னாத்தான் விலை போகும், சுகந்தி."

குடி போகும் முன்பே விற்கிற பேச்சு! அடுப்பும் அவன் இஷ்டம்தான். நெருப்பே இல்லாமல் கண்ணாடிபோல் வழவழவென்றிருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு, செல்போனில் தட்டினால் வேலை செய்யும். வாதாடி வாதாடி, ஹாலின் பெரிய சுவர் ஒன்றை மட்டும் 'பிறகு முடிவு செய்யப்படும்' என்று எழுத வைத்தாள் சுகந்தி.

அந்த ஒரு சுவருக்குத்தான் மூன்று பேர் போட்டி போட்டார்கள். புதுமனை புகுவிழாவுக்குத் திண்டுக்கல்லிலிருந்து தயாளனின் அக்கா வளர்மதி வந்திறங்கினாள். ஒரு கையில் வெண்கலப் பானை, மறு கையில் சுருட்டிய ஐந்தடிப் புகைப்படம். அவள் மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் அது. நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் சிரிக்கிறார்கள். சுகந்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"இதை ஹால்ல மாட்டினாத்தான் வீடு வீடாட்டம் இருக்கும்" என்றாள் வளர்மதி. தயாளன் அங்கே எழுபத்தைந்து அங்குல டிவி வரப்போகிறது என்றான். சுகந்தி மாம்பழ மஞ்சளை விடுவதாக இல்லை.

பேச்சு முற்றியபோது வளர்மதியே வழி சொன்னாள். "எதுக்குச் சண்டை? பால் காய்ச்சுற அன்னிக்கு யாரு பாலைப் பொங்க வைக்கிறாங்களோ, சுவர் அவங்களுக்கு."

புது வீட்டில் பால் காய்ச்சுவது நாத்தனார் உரிமை என்பது வளர்மதியின் தைரியம். அந்த அடுப்பை இயக்கத் தெரிந்தவன் தான் ஒருவனே என்பது தயாளனின் தைரியம். சுகந்தி எந்தத் தைரியமும் இல்லாமல், "சரி அண்ணி" என்றாள். வேறென்ன சொல்ல?

அவளிடம் இருந்தது ஓர் இரும்புத் தோசைக்கல். தட்டையான அடி, கை வலிக்கும் கனம், கல்யாணச் சீராக வளர்மதி கொடுத்தது. "அடுப்புக் கண்ணாடி கீறிடும், அது உள்ள வரவே கூடாது" என்று தயாளன் தடை போட்டிருந்தான். வீட்டுச் சாமான்களை ஏற்ற வந்த லாரிக்காரர்களிடம் கொடுக்கவும் மனசு வராமல் அதைக் கார் டிக்கியில் வைத்திருந்தாள்.

விழா நாள். நல்ல நேரம் காலை ஒன்பதரை வரைதான். சாமான்கள் மத்தியானம்தான் லாரியில் வரும். வீட்டுக்குள் இருந்தவை சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், அந்த வெண்கலப் பானை. ஒன்பது மணிக்கு வளர்மதி பாலை ஊற்றிப் பானையை அடுப்பில் வைத்தாள். தயாளன் செல்போனைத் தட்டினான். அடுப்பு 'பீப்' என்றது. மறுபடி தட்டினான். 'பீப்'.

"அக்கா... இந்த அடுப்புல இரும்பு இருந்தாத்தான் சூடேறும். வெண்கலம் ஆகாது" என்று முனகினான்.

"அடப்பாவி! முதல் பாலே பொங்கலைன்னா எப்படிடா?" வளர்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. வந்திருந்தவர்களில் ஒருவர் மைக்ரோவேவ் என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"இரும்புதானே வேணும்?" என்ற சுகந்தி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு ஓடினாள். தோசைக்கல்லோடு வந்து அடுப்பில் வைத்தாள்.

"ஐயோ, கீறிடும்!"

"கீறினா கீறட்டும், தள்ளுங்க!"

கல்மேல் பானையை வைத்தாள் வளர்மதி. தயாளன் தட்டினான். 'பீப்' சத்தம் வரவில்லை. எல்லோரும் பானையைச் சுற்றிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது இருபத்தாறுக்குப் பால் பொங்கி வழிந்து கல்லில் சொய்ங்கென்று விழுந்தது. "பொங்கிருச்சு!" என்று கூடம் அதிர்ந்தது. வளர்மதி குலவையே போட்டுவிட்டாள்.

குலவை அடங்கியதும் வழக்கு ஆரம்பம்.

"பானை என்னது, பால் ஊத்தினது என் கை, அந்தக் கல்லுகூட நான் குடுத்த சீர்தான்" என்றாள் வளர்மதி.

"அடுப்பு நான் தேர்ந்தெடுத்தது. நான் தட்டலைன்னா எப்படிப் பொங்கும்?" என்றான் தயாளன்.

"நான் கல்லைத் தூக்கிட்டு வந்து வச்சேன். அவ்வளவுதான்" என்றாள் சுகந்தி.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சுவர் யாருக்கு?

விடை: சுகந்திக்கு. பந்தயம் எந்தப் பொருள் யாருடையது என்பதைப் பற்றியதல்ல, பாலைப் பொங்க வைத்தவர் யார் என்பதைப் பற்றியது. ஒன்பது மணிக்கே பானை, பால், அடுப்பு, தயாளனின் விரல் எல்லாம் இருந்தும் வந்தது 'பீப்' மட்டும்தான். அதன்பின் புதிதாகச் சேர்ந்தது சுகந்தி ஓடிப்போய்க் கொண்டுவந்த கல் ஒன்றே. கல் தன் சீர் என்ற வாதத்தை வளர்மதியே விட்டுக்கொடுத்தாள். "குடுத்துட்டு நான் மறந்தே போயிட்டேன். ஏழு வீடும் சுமந்துக்கிட்டு அலைஞ்சது நீதானேம்மா" என்று சுகந்தியைக் கட்டிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை தயாளன் கையாலேயே சுவர் மாம்பழ மஞ்சளானது. டிவி படுக்கையறைக்குப் போனது. மஞ்சள் காய்ந்ததும் சுகந்தி ஏணியில் ஏறி, தான் கண்ணை மூடி நிற்கும் அந்தப் படத்தையே அங்கே மாட்டினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அடித்த முதல் ஆணி. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.