தந்த வெள்ளையும் சாம்பல் வெள்ளையும்

இருட்டியபின் மாடி அறையில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது.

சிஸ்டர் பெர்னதெத் ஜெபமாலையைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் கட்டிலை நகர்த்துறா, மதர். வந்த நாள்லேருந்து இதே கதை. தூங்கவே மாட்டேங்குறா."

மதர் ஸ்டெல்லா பெர்னதெத்தைவிட இளையவர். அந்த மடத்துக்குத் தலைவியாக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மாடியில் இருந்தவள் வினோதா. புருஷனின் அடிக்குப் பயந்து, கைக்குழந்தையோடு மடத்தில் வந்து ஒண்டியவள். "இங்கேயும் தூக்கம் வரலை. திரும்பிப் போயிடறேன்" என்று அன்று காலையில் சொல்லியிருந்தாள்.

"சுவரெல்லாம் அழுது வடியுது. அதான் அவளுக்கு மனசு பதறுது," என்றார் பெர்னதெத். "பெயின்டர் ரெண்டு நிறம் பூசிக் காட்டியிருக்கார். தந்த வெள்ளை ஒண்ணு, சாம்பல் வெள்ளை ஒண்ணு. பகல்ல பார்த்தா தந்தம்தான் தேவலை. டியூப் லைட்டுல பார்த்தா சாம்பல். எதைப் பூசினா அவ தூங்குவா?"

"படுத்துப் பார்த்தாத்தானே தெரியும். இன்னைக்கு நீங்க அங்கே படுங்க. அவங்க என் அறையில இருக்கட்டும்."

"சுவரைப் பார்த்துக்கிட்டேவா?"

"தினமும் என் மூஞ்சியைப் பார்க்குறீங்களே."

பெர்னதெத் போய்ப் படுத்தார்.

சாம்பல் வெள்ளை, நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனை நினைவூட்டியது. தந்த வெள்ளை, பலமுறை துவைத்த பீடத் துணி மாதிரி இருந்தது. தந்தமே இருக்கட்டும் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்.

கதவு திறந்தது.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. வாசலில் ஓர் உருவம்.

பெர்னதெத் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"எந்த நிறம், சிஸ்டர்?" மதரின் குரல்.

"இப்படியா வருவாங்க? உயிரே போச்சு."

"எந்த நிறம்?"

பெர்னதெத் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கண் கதவிலேயே இருந்தது. கட்டில் கால்கள் தரையில் இழுத்த கோடுகள் அந்தக் கதவுவரை போயிருந்தன.

"நம்ம மடத்துல எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாதே, மதர்," என்றார் மெதுவாக. "சபை ஒழுங்கு."

"நமக்கு. அவங்க துறவற வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்கலையே."

மறுநாள் பெர்னதெத் பெயின்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆசாரியை வரச் சொன்னார்.

"அப்ப நிறம், சிஸ்டர்?" என்றார் பெயின்டர்.

"அவ தூங்கி எந்திரிக்கட்டும். அவளையே கேட்கலாம்."

மாலையில் வினோதா குழந்தையைத் தோளில் சாய்த்தபடி கதவைச் சாத்தினாள். பெர்னதெத் வெளியே நின்றார்.

உள்ளேயிருந்து அவள் தாழ்ப்பாள் போட்டாள்.