தனித்து நிற்பவரின் பெயர்

தேய்ந்த சமவெளியில் ஒற்றையாக நிற்கும் ஒரு மலையின் வழக்கு இது. தீர்ப்பு உங்களுடையது.

வேலங்காட்டூரில் அந்த மலைக்குப் பெயர் உண்டு. பதினாறு வயதில் ஒருமுறை காதில் சொல்வார்கள். இறந்தபின் ஒருமுறை காதில் சொல்வார்கள். இடையில் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று மலையைத் தொட்டுச் சத்தியம். பேச்சில் 'அவர்' என்பதோடு சரி.

அவரை உடைத்து ஜல்லியாக்க ஒருவர் விண்ணப்பித்தார். தாசில்தார் ஊரைக் கூட்டினார்.

"ஊர் வழங்கும் பெயர் இருந்தால் அது மலை, குவாரி கிடையாது. இல்லையென்றால் வெறும் பாறை. நீங்கள் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி அனுப்புவேன். மேலிடத்தில் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்."

குவாரிக்காரர் சிரித்தார். "பேரே இல்லாத கல்லுக்கு எத்தனை சொந்தக்காரங்க பாருங்க சார்."

வார்டு உறுப்பினர் பூவாத்தாள் எழுந்தாள். "எழுதிக்கங்க சார். பொன்னூத்து மலை." அந்தக் கணத்தில் அவள் கட்டிய பெயர். சத்தியமும் கெடாது, மலையும் பிழைக்கும் என்று நினைத்தாள்.

அடுத்து, ஊருக்காகப் பேச வந்திருந்த நிலவியல் பேராசிரியை எஸ்தர். "சுற்றிலும் நிலம் கரைந்து தாழ்ந்த பிறகும் கரையாமல் நிற்கிற மலையை நாங்கள் மொனாட்நாக் என்போம். அமெரிக்காவில் அல்கொன்கிய மொழி பேசும் அபெனாக்கி மக்கள் தங்கள் மலை ஒன்றுக்கு வைத்த பெயர். தனித்து நிற்கும் மலை என்று பொருள் சொல்கிறார்கள். அதையே எடுத்து இந்த வகை மலைகளுக்கெல்லாம் வைத்தார்கள். இதற்கும் அதையே எழுதலாம்."

ஆடு மேய்க்கும் மாரக்காள் கேட்டாள். "அந்தச் சனங்களைக் கேட்டுட்டா எடுத்தாங்க கண்ணு?"

"கேட்டிருக்க மாட்டாங்கம்மா."

"அப்ப அதை அவங்க மலைக்கே விட்டுரு."

ஊரின் இந்த மலையை விட்டால் மாரக்காளின் ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. இறந்த கணவன் காதில் மலையின் பெயரைச் சொன்னவளும் அவள்தான். தாசில்தாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பேரு இருக்குது. உங்களுக்குச் சொல்ல மாட்டோம்."

"சொல்லலைன்னா மலை போயிரும்மா."

பூவாத்தாள் அவள் முந்தானையை இழுத்தாள். "அக்கா, காரியத்தைக் கெடுத்துறாதீங்க."

மாரக்காள் முந்தானையை உருவிக்கொண்டாள். "சொல்ல மாட்டோம்னே எழுதுங்க சார்."

ஒருத்தி பொய்ப்பெயர் தந்தாள். ஒருத்தி இரவல் பெயர் தந்தாள். ஒருத்தி எதையும் தரவில்லை. மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாரக்காள். பொன்னூத்து மலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒப்பிட்ட அன்றே பொய் உடையும், பின்னாலேயே மலையும் உடையும். மொனாட்நாக் என்பது மலையின் வகையைச் சொல்லும். இந்த ஊர் அதை எப்படி அழைக்கிறது என்று சொல்லாது. பெயர் இருக்கிறதா என்பதே விதி. அது என்ன என்பதல்ல. பூவாத்தாள் எழுதியதிலிருந்து தன் பொன்னூத்தை அடித்துவிடச் சொல்லிவிட்டு மாரக்காளின் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இருநூறு பேர். 'பெயர் உண்டு, சொல்ல மறுத்தனர்' என்று இருநூறு முறை எழுதினார் தாசில்தார். இல்லாத ஒன்றை இத்தனை பேர் ஒளிக்க முடியாது என்று மேலிடம் ஒப்புக்கொண்டது. எஸ்தர் இன்றும் வகுப்பில் மொனாட்நாக் என்கிறாள். அது யாருடைய சொல் என்று முதலில் சொல்லிவிட்டு. போன தையில் மாரக்காள் இறந்தாள். பூவாத்தாள் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.