சாம்பல் நிற டாங்கி

கோயம்புத்தூரில் மெஹருன்னிசா என்றொரு ஆசிரியை இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியை அல்ல. கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சின்ன அளவில் மாதிரி வீடுகள் செய்து கொடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறைக்குச் சிலர் வருவார்கள். சின்ன அளவில் வண்டிகளும் விமானங்களும் செய்யக் கற்றுக்கொள்ள. வருகிறவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

முதலில் வந்து சேர்ந்தவர் பொன்னுரங்கம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கிற வேலை.

சகாயராஜை அழைத்துவந்ததும் அவர்தான். இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. மனைவி இறந்தபின் சகாயராஜ் சாயங்காலமானால் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். பொன்னுரங்கத்தால் அதைச் சகிக்க முடியவில்லை.

"வாடா. கைக்கு ஒரு வேலை இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும்" என்று இழுத்துவந்து சேர்த்துவிட்டார்.

சகாயராஜின் கைக்கு வேலை பிடித்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பொன்னுரங்கம் செய்ததைக் காட்டினால் டீச்சர் "ம்" என்பார். சகாயராஜ் காட்டினாலும் "ம்" தான். ஆனால் சகாயராஜுக்குச் சொன்ன "ம்" கொஞ்சம் நீளம் என்று பொன்னுரங்கத்துக்குப் பட்டது. ஒரு ஞாயிறு அப்படிப் பட்டது. அடுத்த ஞாயிறு அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். நீளம்தான். சந்தேகமேயில்லை.

அந்த வருஷக் கண்காட்சிக்கு டீச்சர் ஒரு பழைய போர்க்களக் காட்சி செய்துகொண்டிருந்தார். மணல்மேடு, கருகிய பனைகள், நடுவில் ஒரு டாங்கி. டாங்கியை மட்டும் மாணவர்களில் ஒருவர் செய்யட்டும் என்றார். பொன்னுரங்கமும் சகாயராஜும் கை தூக்கினார்கள். ஆளுக்கொரு டாங்கி வந்தது; நன்றாக அமைவது கண்காட்சிக்கு. ரெசின் என்கிற செயற்கைப் பிசினில் வார்த்த பாகங்கள், ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளில்.

"நீ முதல்ல எடுடா" என்றார் பொன்னுரங்கம், பெருந்தன்மையாக.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும் அந்தப் பெருந்தன்மை கசந்தது. டாங்கியின் உடல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. அங்கங்கே குமிழ் வெடித்த குழிகள். பீரங்கிக் குழல் கோணல். நல்ல பெட்டியை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்று தோன்றியது. எடுக்கச் சொன்னதே தான்தான் என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

வளைந்த உடலைக் கிரைண்டர் கல்லின் அடியில் வைத்தார். கல்லை எடுத்ததும் பழையபடி வளைந்துகொண்டது. சுற்றிலும் பசையை அப்பி, கிளிப்புகளை மாட்டி, மேல்மூடியோடு இறுக்கி ஒட்டினார். காலையில் பார்த்தால் ஒட்டிய இடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சகாயராஜ் வெகு சாதாரணமாகக் கேட்டார்: "டீச்சர், என்னோடது வளைஞ்சிருக்குங்க. என்ன பண்றது?"

"சூடான தண்ணில கொஞ்ச நேரம் போடுங்க. இளகும். நிமித்திப் பிடிச்சுக்கிட்டு அப்படியே பச்சத்தண்ணில காட்டுங்க."

அவனுடையதும் வளைந்ததுதானா? பொன்னுரங்கத்துக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியும் போயிற்று. சகாயராஜின் டாங்கி அங்கேயே, கண்ணெதிரே, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

தானும் கேட்டிருக்கலாம். முதலில் சேர்ந்தவர், பின்னால் வந்தவனுக்கு எதிரில் எப்படிக் கேட்பது?

வீட்டில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் போட்டார். உடல் நனைந்த அப்பளம் மாதிரி துவண்டு மறுபக்கம் வளைந்தது.

அதையும் மற்றப் பாகங்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு மறுநாளே பட்டறைக்கு வந்தார். மேஜைமேல் சகாயராஜின் டாங்கி சக்கரங்களோடு நின்றிருந்தது.

"ஒரே டாங்கி, ஒரே கடைல வாங்கினது. அவனுக்கு மட்டும் எப்படிங்க டீச்சர் எல்லாம் சேருது?"

மெஹருன்னிசா அந்த வளைந்த உடலைத் திருப்பிப் பார்த்தார். "டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

பொன்னுரங்கம் தன் டாங்கியைப் பெட்டியோடு குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

பிறகு சில ஞாயிறுகள் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சகாயராஜ் போன் செய்தால் எடுக்கவில்லை. டிரைவிங் பழக வந்த ஒரு பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். அந்தப் பெண் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதது.

ஒரு நாள் டீச்சரே கூப்பிட்டார்.

"கண்காட்சிக்கு சகாயராஜோடதுதான் போகுதுங்க. நீங்க ஒரு நடை வந்துட்டுப் போங்க. ஒரு வேலை இருக்கு."

தெரிந்த சேதிதான். இருந்தாலும் காதால் கேட்டதும் போனை வெடுக்கென்று வைத்தார். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

பட்டறையில் டீச்சர் மட்டும் இருந்தார். மேஜை நடுவில் ஒரு டாங்கி. மேலிருந்து கீழ்வரை அடிப்பூச்சாகச் சாம்பல் நிற ப்ரைமர் அடித்திருந்தது. அந்த நிறத்தில் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் ஒரு பென்சில்.

"இது பெயிண்டுக்குப் போகணும். அதுக்கு முன்னாடி குறையெல்லாம் பார்த்துக் குறிச்சுக் குடுங்க" என்றார்.

பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். விளக்கைக் கிட்டத்தில் இழுத்தார். பல நாளாகக் காத்திருந்த விருந்து இலைபோட்டு வந்த மாதிரி இருந்தது.

பின்புறம் ஒரு குமிழ்க் குழி. வட்டம் போட்டார். மூடியின் கீல் ஒருபக்கம் ஏறியிருந்தது. வட்டம். பக்கவாட்டில் பசை வழிந்து காய்ந்த கோடு. அதற்கு இரட்டை வட்டம்.

"பசையை எப்படி அப்பியிருக்கான் பாருங்க டீச்சர். பொறுமையே கிடையாது."

"ம்."

"தேய்ச்ச கோடு அப்படியே நிக்குது. தண்ணி தொட்டுத் தேய்க்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!"

"ம்."

தகடுகள் சேரும் இடங்களில் புழு ஊர்ந்ததுபோல் மேடுகள் இருந்தன. எல்லாவற்றையும் குறித்தார். பீரங்கி பொருந்திய தலைப்பகுதி சொரசொரவென்றிருந்தது. அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம். இந்த லட்சணத்துக்குத்தானா கண்காட்சி? சந்தோஷத்தில் அந்த வட்டத்தை இன்னொரு தரம் அழுத்திப் போட்டார்.

முடித்து டாங்கியைத் தள்ளி வைத்தார். எங்கு பார்த்தாலும் பென்சில் குறி.

மெஹருன்னிசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தார். தலைப்பகுதியைச் சுற்றியிருந்த வட்டத்தை அழித்தார். தகடு சேரும் இடங்களில் இருந்த குறிகளை ஒவ்வொன்றாக அழித்தார்.

"அதையெல்லாம் ஏங்க அழிக்கறீங்க?"

டீச்சர் உண்மையான டாங்கியின் போட்டோ ஒன்றை நகர்த்தி வைத்தார். "இது வெல்டிங் பண்ணின தழும்பு. தலை வார்ப்பு எஃகு, சொரசொரன்னுதான் இருக்கும். நிஜ வண்டியே இப்படித்தாங்க."

பொன்னுரங்கத்துக்கு முகம் சிவந்தது. "அவனோடதுன்னா உங்களுக்குக் குறைகூட நிறைவாத்தான் தெரியும்."

டீச்சர் ஊதி ரப்பர் தூளைப் போக்கினார். மற்ற குறிகளில் கை வைக்கவில்லை.

அப்போது படியேறி வந்தார் சகாயராஜ். கையில் அட்டைப்பெட்டி. பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாடா! போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கற. இதப் பாரு, பச்சை அடிச்சுட்டேன்." பெட்டியைத் திறந்து தன் டாங்கியை மேஜைமேல் வைத்தார்.

பொன்னுரங்கம் பச்சை டாங்கியைப் பார்த்தார். சாம்பல் நிற டாங்கியைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"உன்னோடதுதான்டா. குப்பைக்கூடைல போட்டுட்டுப் போயிட்டியாம். டீச்சர் எடுத்து வெந்நீர்ல நிமித்தி, உன் பாகங்களையே பூட்டி வெச்சாங்க. ப்ரைமர் மட்டும் நான் அடிச்சேன்." குனிந்து குறிகளைப் பார்த்தார் சகாயராஜ். "யாரு குறிச்சது, நீயா? பின்பக்கக் குழியெல்லாம் என் கண்ணுக்குத் தெரியவே இல்லையே. டேய், என்னோடதையும் ஒரு தடவை பார்த்துக் குடேன். கண்காட்சில மானம் போயிடக்கூடாது."

பொன்னுரங்கம் தலையை ஆட்டினார்.

"இருங்க, டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்று சகாயராஜ் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

செருப்புச் சத்தம் தேயும்வரை பொன்னுரங்கம் இரட்டை வட்டம் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பிய பசை. அவர் வீட்டு மேஜையில் காய்ந்த பசை.

பக்கத்தில் பச்சை டாங்கி நின்றது. அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தபோது இப்போதும் சுருக்கென்றது. இல்லையென்று தன்னிடமே பொய் சொல்ல முடியவில்லை.

"இது என்னோடதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

"சொல்லியிருந்தா இந்தப் பசை உங்க கண்ணுல பட்டிருக்காதுங்க."

தண்ணீர்க் கிண்ணத்தையும் தேய்க்கிற உப்புத்தாளையும் டீச்சர் அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவனோடதுன்னும் நீங்க சொல்லலையே" என்றார் பொன்னுரங்கம், மெதுவாக.

"நான் சொல்லலைங்க. அத நீங்களே சொல்லிக்கிட்டீங்க. அதனால இல்லாத குறையும் தெரிஞ்சுது. அதை அழிக்கத்தான் ரப்பர் தேவைப்பட்டுச்சு."